கல் ஊறும் காலம்

“மாமா, நாற்காலிய இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமா இழுத்துப் போட்டு உட்காருங்க.”

“இங்கேயேவா?”

“இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான். இனிமே அசையாதீங்க.”

போட்டோ பிடிக்கிறவன் மாதிரிச் சொன்னாள். கணவரின் அண்ணன் அசையாமல் உட்கார்ந்தார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரை உட்காரச் சொன்னது அபூர்வம். எப்போது எழுந்திருப்பார் என்று கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். இன்றைக்கு அவர் உடம்பு அவளுக்குத் தேவைப்பட்டது. நல்ல அகலமான உடம்பு. சுவரோரம் இருந்த நாலடி மீன்தொட்டியில் அது மூன்றடியை மறைத்தது. மீதி ஒரு அடிக்கு அவர் மடியிலிருந்த தோல்பையை வாங்கி, ஸ்டூல் போட்டு அதன்மேல் நிறுத்தி வைத்தாள்.

கட்டிலில் கிடந்தவர் தலையை லேசாகத் திருப்பினார்.

“தொட்டி தெரியல.”

“அண்ணன் வந்திருக்காரு, அவரப் பாருங்க. தொட்டி எங்க ஓடிடப் போகுது?”

“அண்ணன அறுபது வருஷமா பாத்தாச்சு,” என்றார் அவர்.

பெரியவர் காதில் அது விழவில்லை. பொதுவாகவே மற்றவர்கள் பேசுவது அவர் காதில் விழுவதில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினான்கு வருஷமாகத் தலைவர். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்வதற்குக்கூட “இத்தருணத்தில்” என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் சாக்கடை தானாகவே வழிவிட்டிருக்கும். இப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன.

ஐந்து மீன்கள். காலையில் அவள் எழுந்தபோதே ஐந்தும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. எட்டு வயசான ஆரஞ்சுக் கோடு போட்ட கோமாளி மீன், தொட்டியின் ஒரே மூலையில் லிஃப்ட் மாதிரி மேலும் கீழுமாகப் போய்வருகிறது என்பதால் கணவர் ‘ஆப்பரேட்டர்’ என்று கூப்பிடுகிற அது, ஒருக்களித்து மிதக்க ஆரம்பித்திருந்தது. அதே காலையில் டாக்டரும் போனில், “இன்னைக்கோ நாளைக்கோம்மா, பக்கத்துலயே இருங்க,” என்று சொல்லியிருந்தார்.

முதல் மாதம் அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அதற்கப்புறம் வலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று. இப்போது, மீன்களுக்கு முன்னால் அவர் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே நடக்கிற பந்தயத்தில் அவள் கட்டில் ஜெயிக்க வேண்டும் என்று நின்றாள்.

எல்லாம் பதினோரு கல்லால் வந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்த வாரம், “கடற்கரைக்குப் போகணும்,” என்றார். மனுஷன் கடைசியாக ஒரு தடவை கடலைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வண்டியை எடுத்தாள். அவர் போனது கல் பொறுக்க. அதுவும் சும்மா போகவில்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டர், கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் ஒரு ஆணியைக்கூடத் தொடாதவர். துறைமுக அலுவலகத்தில் மனு கொடுத்தார்: சொந்த மீன்தொட்டியின் உபயோகத்துக்காகக் கரையோரம் கிடக்கும் பதினோரு கற்களை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

“சார், லாரி வெச்சு அள்ளிட்டுப் போறானுங்க, ஒருத்தனும் என்னைக் கேட்டதில்ல,” என்றார் அங்கிருந்த குமாஸ்தா. “நீங்க ஏன் சார் என்னை வம்புல மாட்டி விடறீங்க?”

முத்திரை விழும்வரை இவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

கரையில் இரண்டு மணி நேரம். கண்சொட்டு மருந்துப் புட்டியில் வினிகர் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு கல்லையும் சுரண்டி ஒரு சொட்டு விடுவார். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், உப்புத் தண்ணிக்கு ஆகும். துருக்கோடு ஓடிய கல், உள்ளே பளபளப்பு தெரிகிற கல் எல்லாம் தூக்கியெறிந்தார். உலோகம் இருக்கும், ஊறினால் விஷம். ஏதோ பெண் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று அவளை இவ்வளவு நேரம் பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

“வீட்டுக்குப் போனதும் ஒரு அண்டாவுல போட்டுக் கொதிக்க வெச்சா ஒரே நாள்ல சுத்தமாயிடாதா?” என்று கேட்டாள்.

கயிறு இல்லாமல் லிஃப்டை ஓட்டலாமா என்று கேட்ட மாதிரி அவளைப் பார்த்தார். “கல்லக் கொதிக்கவே வெக்கக் கூடாது. உள்ள ஈரம் இருந்தா வெடிக்கும். பொந்துல இருக்கற ஜந்துவோட விஷம் ஆவியில ஏறி வரும். அவசரப்பட்டவனெல்லாம் ஆஸ்பத்திரியில கிடக்கான்.”

“அவசரப்படாத நீங்க எங்க கிடக்கப் போறீங்களாம்?”

சிரித்தார். அந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிக்கும் தெம்பு அப்போது இரண்டு பேருக்கும் இருந்தது.

சோப்பு படாத புது பிரஷ்ஷால் தேய்த்து, குளியலறையில் ஒரு பெரிய டப்பில் உப்புத் தண்ணீர் கலந்து, மோட்டார் போட்டுக் கற்களை ஊறவைத்தார்கள். பொந்துகளுக்குள் செத்தது எல்லாம் அழுகி, தண்ணீரில் அமோனியா ஏறும். பிறகு நல்ல கிருமிகள் வளர்ந்து அதைத் தின்று தீர்க்கும். சோதனைச் சொட்டு விட்டால் தண்ணீர் பச்சையாகாமல் மஞ்சளாக நிற்க வேண்டும். மஞ்சள் என்றால் பூஜ்யம். அதற்கு ஆறு வாரம். அதற்கு ஒரு நாள் முன்னால் போட்டாலும் தொட்டியில் இருப்பது அத்தனையும் காலி. டாக்டர் மூன்று மாதம் சொல்லியிருந்தார். கல்லுக்கு ஆறு வாரம் போக, பார்த்துக்கொண்டிருக்க ஆறு வாரம். கணக்கு சரியாகத்தான் வந்தது. உடம்புதான் கணக்குக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் நடக்க முடியாமல் போயிற்று. கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, தொட்டிக்கு எதிரே போட்டார்கள். சோதனை அவள் பொறுப்பு என்று ஆனது. அவளுக்கு அது புதிதல்ல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலைமை டெக்னீஷியன். குழாய் மேல் ஒட்டுகிற பெயரை மாற்றி ஒட்டினாள் என்பதற்காக, அழ அழ ஒரு பெண்ணை அன்று சாயங்காலமே வேலையை விட்டு அனுப்பவைத்தவள்.

“எவ்வளவு?” என்பார் கட்டிலிலிருந்து.

“நாலு,” என்பாள் குளியலறையிலிருந்து.

மறுவாரம், “மூணு.” அதற்கு மறுவாரம், “ரெண்டு.” அதற்குமேல் இறங்கவில்லை. தண்ணீர் மாற்ற வேண்டும், ஒவ்வொரு பொந்தாகக் கிளற வேண்டும். அவளுக்கு இருந்தது இரண்டு கை. அந்த இரண்டு கையாலும் அவரைப் புரட்டிப் போடவும், துடைக்கவும், படுக்கைத் துணி அலசவுமே பொழுது போயிற்று. பெரிய கல்லின் பொந்துக்குள் ஏதோ சிப்பி செத்து நாறியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் போனது. அதற்குள் டாக்டர் மாதம், வாரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாள் கணக்குக்கு வந்திருந்தார்.

“எவ்வளவு?”

சோதனைக்குழாயில் பாசிப் பச்சை.

“ஒண்ணு,” என்றாள்.

மறுநாள், “கால்.” ஞாயிற்றுக்கிழமை, “பூஜ்யம்.”

“கொண்டா பாப்போம்.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. குளியலறைக்குத் திரும்பிப் போனாள். பச்சையைக் கொட்டிக் கழுவினாள். காலையில் தொட்டியிலிருந்து இறைத்து வாளியில் வைத்திருந்த பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்தாள். எட்டு வருஷமாக அவர் கண்ணைப்போல வைத்திருந்த தண்ணீர். சொட்டு விட்டதும் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்து நின்றது. அதைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவரில் சாய்த்துப் பிடித்தாள். கை நடுங்கவில்லை. இருபத்தைந்து வருஷ வேலைப் பழக்கம், பாழாய்ப்போன நேரத்தில் கைகொடுத்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

“நல்ல மஞ்சள்,” என்றார். பிறகு, “அஞ்சு வாரத்துலயே வந்துடுச்சு. நீ பாத்தேன்னா சரியாத்தான் இருக்கும்.”

திங்கட்கிழமை கல்லை இறக்கினார்கள். அதாவது, அவர் படுத்துக்கொண்டு உத்தரவு போட்டார், அவள் தோள்வரை நனைந்துகொண்டு இறக்கினாள். “மணல் மேல வெக்காத, மணல ஒதுக்கிட்டுக் கண்ணாடி மேல வை. மீன் மணலத் தோண்டும், கல் சரியும். ஆட்டிப் பாரு. ஆடுதா? அப்போ ஏன் கைய எடுக்கற?” இரண்டு மணி நேரத்தில் ஒரு வளைவும், அதற்குள் ஒரு குகையும் எழும்பின. ஆப்பரேட்டர் ஒரு தடவை உள்ளே போய், மறுபக்கம் வெளியே வந்தது.

அவர் முகத்தில் என்ன வருகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தானே எல்லாம்.

“இடது பக்கத்துக் கல்ல ரெண்டு விரல் தள்ளு,” என்றார்.

தள்ளினாள். “போதும்,” என்றார். அன்றும் மறுநாளும் அவர் வலிக்கு ஊசி கேட்கவில்லை. கண் தொட்டியை விட்டு நகரவில்லை. அந்த இரண்டு நாளைத்தான் அவள் ஐந்து உயிர் கொடுத்து வாங்கியிருந்தாள்.

புதன்கிழமை காலை பாதித் தண்ணீரை மாற்றினாள். கலந்து வைத்த உப்புத் தண்ணீர் அவ்வளவுதான் இருந்தது. கல்லை வெளியே எடுத்தால் அவர் பார்ப்பார். எடுக்காவிட்டால் மீன் சாவதைப் பார்ப்பார். அவர் தூங்கினால் எடுக்கலாம். இந்த மனுஷன் தூங்கவில்லை. கண்பார்வை மட்டும் கழுகு மாதிரி இருந்தது; உடம்பில் பழுதாகாத ஒரே சாமான் அதுதான். தொட்டி விளக்கை அணைத்தாள். “ஏன் அணைச்ச?” என்றார். “பல்பு சூடாகுது.” “எல்இடி சூடாகாது,” என்றார்.

அப்போதுதான் பெரியவர் மணியடித்துக்கொண்டு உள்ளே வந்தார், கடவுளே அனுப்பிய மாதிரி. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கடவுளுக்கும் நகைச்சுவை உண்டு.

“தம்பி,” என்று தொடங்கினார். “இத்தருணத்தில் நான் உனக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று.”

ஒன்றே ஒன்று என்றால் குறைந்தது முக்கால் மணி நேரம். அவள் நிம்மதியாகக் கட்டிலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

மனவுறுதி பற்றிப் பேசினார். தமக்கு மூலத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது தாம் காட்டிய மனவுறுதியை எடுத்துக்காட்டினார். பிறகு தம்பியின் கடமையுணர்ச்சிக்கு வந்தார். “சொந்த அண்ணன் இருக்கற கட்டடம்னுகூடப் பாக்காம லிஃப்டுக்கு சீல் வெச்சான்! சங்கத் தலைவர் நான், மூணு வாரம் அஞ்சு மாடி ஏறினேன்! அன்னைக்கு எனக்குக் கோபம்தான். ஆனா இன்னைக்குச் சொல்றேன், அதுதான் நேர்மை!” கோபம் இன்னும் இருந்தது, குரல் உயர்ந்த விதத்தில் தெரிந்தது.

“அந்தக் கயிறு...” என்றார் தம்பி.

“என்ன கயிறு?”

“எட்டு இழை... அறுந்திருந்துச்சு.”

“அதுதான் சொல்றேன், நேர்மை!” என்று பெரியவர் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டு மேலே போனார்.

அவள் கணவரின் கையைப் பிடித்திருந்தாள். பெரியவர் பின்னால் ‘தளக்’ என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கணவரின் கண் திரும்பியது. அண்ணனின் விலாவுக்கும் தோல்பைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியே அவர் என்ன பார்த்தார், பார்த்தாரா, அவளுக்குத் தெரியாது. அவள் பக்கம் திரும்பினார்.

“எத்தனாவது வாரம்?” என்று கேட்டார்.

“ஆறு,” என்றாள்.

தலையை அசைத்தார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு அசைவு. கொஞ்ச நேரத்தில் அவள் விரலடியில் நாடி இரண்டு தடவை தயங்கியது. அப்புறம் தயங்கவில்லை, வரவே இல்லை. தொழில் தெரிந்த விரல். ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிவிட்டாள்.

பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கால் மணி நேரம் அவர் ஒரு இறந்த மனிதருக்கு வாழ்க்கையின் பொருளை விளக்கினார். இறந்தவரும் அவர் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “என்னம்மா, தூங்கிட்டானா?” என்றார்.

“ஆமா மாமா,” என்றாள்.

அதற்கப்புறம் வீடு ஊராருடையது. குளிர்பெட்டி கொண்டுவந்தவர்கள் தொட்டியின் பிளக்கைப் பிடுங்கப் போனபோது அவள் போட்ட கத்தலில் கூடமே திடுக்கிட்டது. “அதத் தொடாதீங்க! சமையலறையிலேருந்து ஒயர் இழுங்க!” அதுவரை அழாத பெண் பிளக்குக்கு இப்படிக் கத்துகிறாளே என்று எதிர்வீட்டு டீச்சர் இன்னொருத்தியைப் பார்த்தாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடி என்ன. பெரியவர் வருகிறவர்களை வரவேற்க வாசலுக்கு எழுந்துபோனதும் தொட்டி முழுசாகத் தெரிந்தது. நாலு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஆப்பரேட்டர் புதுக் குகையின் வாசலில் கிடந்தது.

முதலில் பார்த்தது டீச்சர்தான். “ஐயோ, மீனெல்லாம் செத்துப்போச்சே!”

பெரியவர் திரும்பி வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் மெல்லப் பரவியது. ஒரு பேச்சாளருக்கு ஆயுளில் ஒரு தடவை கிடைக்கிற விஷயம் அது.

“வாயில்லா ஜீவன்கள்,” என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “எஜமான் போன பிறகு ஒரு மணி நேரம்கூட அவைகளுக்கு இருக்கப் பிடிக்கவில்லை!”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ போனை எடுத்துத் தொட்டியைப் படம் பிடித்தார்கள். பக்கத்து ஆபீஸ்காரர்கள் வந்தபோது பெரியவர் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது மீன்கள் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு செத்திருந்தன. டீச்சர் வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டு, “எவ்வளவு நல்ல மனுஷனா இருந்திருந்தா மீனுக்கே தாங்கலன்னு பாருங்க,” என்று விசும்பினாள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொட்டியிலிருந்து அழுகல் வாடை மெல்ல வந்தது. வந்தவர்கள் அதைக் குளிர்பெட்டியிலிருந்து வருகிறது என்று நினைத்து மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள், மரியாதையாக.

எல்லாம் முடிந்த மறுநாள் பெரியவர் மட்டும் வந்தார்.

“நம்ம சங்கத்துப் பூங்காவுல தம்பிக்கு ஒரு நினைவுச்சின்னம். கமிட்டியில பேசிட்டேன். சிலை கிலையெல்லாம் வேண்டாம், எளிமையா ஒரு கல்லு. அவன் கையால தேடி எடுத்த கல்லு. பக்கத்துல பலகை வெச்சு, மீன் விஷயத்த நாலு வரியில எழுதிடலாம்.” தொட்டிக்குள் விரலை நீட்டினார். “அந்தப் பெரிசு.”

அவள் சொல்லிவிட்டாள். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றது.

“மாமா, அந்தக் கல்லாலதான் மீன் செத்துச்சு.”

“என்னம்மா?”

“கல்லு ஊறி முடியல. நான் முடிஞ்சுதுன்னு சொன்னேன். வேற தண்ணிய எடுத்துக் காட்டினேன். அவரு நம்பினாரு. துக்கத்துல சாகல மாமா மீனு. நான்தான் கொன்னேன்.”

பெரியவர் கண் கலங்கிவிட்டது. வந்து அவள் தலையில் கை வைத்தார். உண்மையாகவே வைத்தார், அந்த மனுஷனிடம் இல்லாதது இரக்கம் அல்ல.

“துக்கத்துல எல்லாருக்கும் இப்படித்தாம்மா தோணும்,” என்றார். “எங்கம்மா போனப்போ நானும்தான் நினைச்சேன், நான்தான் கொன்னுட்டேன்னு. கல்லு என்ன பண்ணும்? பாவம், அதுவே அவனத் தொட்ட கல்லு.”

“இல்ல மாமா, அமோனியா...”

“நீ கொஞ்சம் தூங்கும்மா,” என்றார்.

அவள் கையைத் தொட்டிக்குள் விட்டாள். தண்ணீர் சில்லென்று தோளுக்கு ஏறியது. ஆட்டிப் பார்த்து அசையாமல் வைத்த கல். எடுப்பதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வளைவு சரிந்து மற்றவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. துடைத்துத் தரலாம் என்று துண்டைத் தேடுவதற்குள் பெரியவர் அதைக் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார். பொந்திலிருந்து தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

காரின் முன்சீட்டில் கல்லை வைத்துவிட்டு, சுற்றிவந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கார் ‘டிங் டிங்’ என்று கத்த ஆரம்பித்தது. அவர் கதவைத் திறந்து மூடினார். கத்தியது. பின்சீட்டைப் பார்த்தார். பிறகு புரிந்தது. குனிந்து, பெல்ட்டை இழுத்து, கல்லின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார். சத்தம் நின்றது. கல்லை ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டு, தெருவில் வண்டியை இறக்கினார். பின்கண்ணாடி வழியே அவர் இடது கை ஏறி இறங்குவது தெரிந்தது, பேச ஆரம்பித்துவிட்டார்.

கார் திரும்பி மறையும்வரை அவள் கேட்டில் நின்றாள். வாசற்படியிலிருந்து கேட்வரை சொட்டுச் சொட்டாக ஒரு ஈரக்கோடு. வெயிலில் அது வீட்டுப் பக்கத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. காய்ந்த இடத்தில் உப்பு வட்டம் வட்டமாக வெளுத்து நின்றது. அதை மிதிக்காமல், ஓரமாக நடந்து உள்ளே போனாள்.